கிணற்றறையில் நாற்பத்தெட்டுப் புட்டிகள்

முதலில் அந்தப் புட்டிகளைப் படுக்க வைக்கச் சொல்லுங்கள், ஐயா. மாஜிஸ்திரேட் கச்சேரித் தாழ்வாரத்தில் மேற்கு வெயில் நேராக விழுகிற இடத்தில் நிற்க வைத்திருக்கிறார்கள். என்னை உள்ளே கூட்டி வரும்போது பார்த்தேன். ஒயின் புட்டியை நிற்க வைத்தால் தக்கை காய்ந்து சுருங்கும். சுருங்கின தக்கை வழியாகக் காற்று உள்ளே போகும். காற்று போனால் அவ்வளவுதான். ஏட்டையாவிடம் சொன்னேன், சிரித்தார். "கழுத்துக்குக் கயிறு வரப்போகுது, இவன் புட்டிக் கழுத்தப் பத்திக் கவலப்படறான் பாரு" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. தெரியாதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

நீங்கள் படித்துக் காட்டியதெல்லாம் எனக்குப் புரிந்தது. சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை, சொன்னால் அது எனக்கு எதிராகவே வரும். சரி. என்னை யாரும் அடிக்கவில்லை, ஆசையும் காட்டவில்லை. நானாகத்தான் சொல்கிறேன். குமாஸ்தா ஐயா நிதானமாக எழுதட்டும், எனக்கு அவசரம் இல்லை.

என் பெயர் அர்த்தநாரி. இந்தச் சங்ககிரிக்குத் தெற்கே ஆறு மைலில் எங்கள் தோட்டம். செத்துப்போன சென்னியப்பன் என் கூடப்பிறந்த அண்ணன். அப்பா போனபோது எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பதினெட்டு. அதற்குப் பிறகு எனக்கு அப்பாவும் அவர்தான். நான் நோஞ்சான். ஏர் பிடித்தால் மாடு என்னை இழுத்துக்கொண்டு போகும். ஊரில் சிரிப்பார்கள், அண்ணன் சிரிக்க மாட்டார். "என்ற தம்பிக்குக் கண்ணு கூர்மை, அவன் வேற வேலைக்குப் பொறந்தவன்" என்பார். எனக்குப் பத்தொன்பது வயதானபோது தெரிந்த வண்டிக்காரர் ஒருவரைப் பிடித்து, சேலத்தில் ஒரு துரை பங்களாவில் என்னைச் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

பெர்தினி துரை இத்தாலி தேசத்துக்காரர். சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் வெள்ளைக்கல் வெட்டுகிற இடத்தில் இஞ்சினியர். அஸ்தம்பட்டியில் ஏற்காடு ரோட்டு மேல் பங்களா. அதற்கடியில் பூமிக்குள் ஓர் அறை தோண்டி, வெட்டிவேர்த் தட்டி கட்டி, நாள் முழுக்கத் தண்ணீர் தெளிக்க வைத்திருந்தார். உள்ளே மரச்சட்டத்தில் முந்நூறு புட்டிக்குமேல் படுத்திருந்தது. அந்த அறையைப் பெருக்குவதுதான் என் வேலை.

சேர்ந்து நாலு மாதம் இருக்கும். ஒரு நாள் துரையிடம் போய், "ஒரு புட்டி அழுகுதுங்க துரை" என்றேன். வந்து பார்த்தார். தக்கையின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்குக் கசிவு. முந்நூறில் அது ஒன்றுதான். துரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். இருபது வருஷம் பட்லர் வேலை பார்த்தவன் கண்ணில் படாதது இவன் கண்ணில் எப்படிப் பட்டது என்று அந்தப் பார்வை கேட்டது. மறுநாள் முதல் எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

பழைய புட்டிக்கு மதிப்புப் போடுவது எப்படி என்று உங்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது. மெழுகுவத்தியைப் புட்டிக்குப் பின்னால் பிடிக்க வேண்டும். முதலில் மட்டம். புதுப் புட்டியில் ஒயின் கழுத்து நிறைய நிற்கும். இருபது வருஷத்தில் கழுத்தின் அடிக்கு வரும். நாற்பது வருஷத்தில் தோளின் மேல்பக்கம் வரைக்கும் வரலாம், குற்றமில்லை. தோளுக்குக் கீழே போய்விட்டால் காற்று புகுந்துவிட்டது என்று பொருள், உள்ளே இருப்பது ஒயின் இல்லை, புளித்துப்போன காடி. அப்புறம் நிறம். பரோலோ என்று ஓர் ஒயின், துரையின் ஊர்ப்பக்கத்துக் குன்றுகளில் விளைவது. இளசில் கறுஞ்சிவப்பு, வயதானால் ஓரத்தில் செங்கல் நிறம் கட்டும். அது அழகு. புளிக்கரைசல் நிறம் வந்துவிட்டால் செத்தது. அடியில் வண்டல் ஒரே பக்கமாகப் படிந்திருக்க வேண்டும். கலங்கியிருந்தால் யாரோ ஆட்டியிருக்கிறார்கள். இதையெல்லாம் திறக்காமலே பார்க்க வேண்டும். திறந்துவிட்டால் மதிப்பு எங்கே இருக்கிறது.

நான் ஒரு சொட்டும் நாக்கில் வைத்ததில்லை. எங்கள் குடும்பத்தில் கள்ளுக்கடை இருக்கிற பக்கம் தலைவைத்துப் படுத்தவர் கிடையாது. குடிக்காதவனுக்கு ஒயினைப் பற்றி என்ன தெரியும் என்று பட்லர் கேலி செய்வார். மாட்டுச் சந்தையில் பல் பிடித்து வயது சொல்கிறவர் மாட்டைக் கடித்தா பார்க்கிறார் என்று நான் கேட்டேன். துரை அதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

ஏற்காட்டிலிருந்து காப்பித் தோட்டத் துரைமார்கள் விருந்துக்கு வருவார்கள். எல்லாரும் மேசையில் உட்கார்ந்த பிறகு பெர்தினி துரை என்னைக் கூப்பிட்டு, "அர்த்தநாரி, இன்றைக்கு எது?" என்று கேட்பார். நான் போய் எடுத்து வருவேன். ஒரு தடவைகூட நான் எடுத்தது சோடை போனதில்லை. "அர்த்தநாரி சொன்னால் சரி" என்று ஒரு வெள்ளைக்காரர் இன்னொரு வெள்ளைக்காரரிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். ஊரில் என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, ஐயா. மழை வருமா என்றுகூடக் கேட்டதில்லை.

மதுவிலக்கு நம் ஜில்லாவில்தானே முதலில் வந்தது. வெள்ளைக்காரர்களுக்குப் பர்மிட் கொடுத்தார்கள், துரையும் வாங்கிக்கொண்டார். ஆனால் புதுச் சரக்கு வருவது குறைந்துபோய், வைத்திருந்ததைக் குடித்துத் தீர்த்தார். மார்சலா என்ற வகை முதலில் தீர்ந்தது. அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அது வெயிலைத் தாங்கும், அதை யார் வேண்டுமானாலும் காக்கலாம். கடைசியில் பரோலோவில் நாற்பத்தெட்டு மிஞ்சியது. அதில் பன்னிரண்டு, துரை பிறந்த வருஷத்தில் அவருடைய அப்பா வாங்கிப் படுக்க வைத்தது.

இரண்டு வருஷத்துக்கு முந்தின வைகாசிக் கடைசியில் இத்தாலி தேசம் இங்கிலீஷ்காரர்களுக்கு எதிராகச் சண்டையில் சேர்ந்தது. போலீஸ் லாரி பங்களாவுக்கு வந்துவிட்டது. காவல் முகாமுக்குப் போக வேண்டும், இரண்டு மணி நேரம் அவகாசம் என்றார்கள். துரை இரண்டு சட்டையை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு நேராகக் கீழறைக்கு வந்தார். முன்பு ஒரு பொங்கலுக்கு எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தார். எங்கள் பழங்கிணற்றுக்குள் இருக்கிற அறையில் சூடு பார்க்கிற கண்ணாடிக் குழாயைத் தொங்கவிட்டுப் பார்த்து, தன் ஊர் நிலவறை போலவே இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். அதை நினைவு வைத்திருந்தார். "உன் கிணற்றுக்குக் கொண்டு போ. ஆட்டாதே, வெயில் காட்டாதே, திறக்காதே" என்றார். பிறகு என் தோளைப் பிடித்துச் சொன்னார்: "நான் வந்ததும் என் அப்பா வைத்த புட்டியை நீயும் நானும் திறக்கிறோம். நீ நிற்கக் கூடாது. என்னோடு மேசையில் உட்கார வேண்டும்."

பதின்மூன்று வருஷம் அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றவன் நான். உட்கார்ந்ததில்லை.

வைக்கோலில் பொதிந்து, மேலே ஈரச்சாக்குப் போட்டு, அதன்மேல் பருத்திக்கொட்டை மூட்டை அடுக்கி, இரண்டு பகல் வண்டியை நடை நடையாக ஓட்டிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கிச் சக்கரத்தைக் கையால் பிடித்து இறக்கினேன். பாறையில் வெட்டிய பெரிய கிணறு அது. பாதி ஆழம் வரைக்கும் படி இருக்கிறது. படி முடிகிற இடத்தில் ஒரு திட்டு. திட்டை ஒட்டிப் பாறைக்குள் குடைந்த அறை. இறைக்கிற தோல் சாலும் வடமும் வெயிலில் காயாமல் இருக்க எங்கள் முன்னோர் வெட்டியது. திட்டுக்கு நேர் கீழே குறுகலாக ஓர் உள்குழி, மூன்று ஆள் ஆழம். ஊற்று தூர்ந்துபோய், அப்பா காலத்திலேயே அந்தக் கிணற்றை விட்டுவிட்டு மேற்கே வேறு கிணறு வெட்டியாகிவிட்டது. புட்டிகளை அறையில் அடுக்கி, வாசலைக் கல் வைத்து மறைத்தேன். அண்ணன் அன்று சந்தைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தவர் நான் ஏன் வேலையை விட்டு வந்தேன் என்று கேட்கவில்லை. "வந்துட்டயா சாமி, சாப்புடு" என்றார்.

எனக்குக் குடும்பம் இல்லை. கட்டினவள் முதல் பிரசவத்தில் போய்விட்டாள். அண்ணன் வீட்டில்தான் சோறு. அண்ணி பெயர் குப்பாயி, எங்கள் பக்கம் அண்ணியை நங்கையா என்போம். அவர்களுக்கு ஒரே பெண், செல்லாயி, ஆறு வயது. நான் திரும்பி வந்ததிலிருந்து என் முதுகிலேயே வளர்ந்தவள். அவள் பேரைச் சொல்லித்தான் பழங்கிணற்றை மூடச் செய்தேன். பிள்ளை விளையாட்டுப் போக்கில் விழுந்துவிடுவாள் என்றேன். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றே மூங்கில் பரப்பிப் பனையோலை போட்டு மூடினார். எனக்கு இறங்கிப் போக மூலையில் ஒரு சந்து விட்டேன். அறைக்குள் குளிர்ச்சி நன்றாகவே நின்றது. ஓலை மட்கி மட்கி உள்குழிக்குள் விழுந்துகொண்டிருந்தது, அதைப் பற்றி அப்போது நான் நினைக்கவில்லை.

அடுத்து இரண்டு வருஷம் மழை தவறியது. மேற்கிணற்றில் சேறு வந்தது. பழங்கிணற்றில் ஒரு வெடி வைத்தால் பாறைக்கடியில் ஊற்று இருக்கிறது என்று அப்பா சொல்வதுண்டு. அண்ணன் வந்து, "உனக்கும் பாதி பாத்தியம் இருக்குது, உன்னக் கேக்காமச் செய்யக் கூடாது. வெடி வெச்சுப் பாக்கலாமா சாமி?" என்றார். வெடியின் அதிர்ச்சி புட்டிக்கு என்ன செய்யும் என்று அவருக்கு எப்படித் தெரியும். நான் மறுக்கவில்லை. "காளியாத்தாளக் கேட்டுச் செய்யலாமுங்கண்ணா" என்றேன். அது முறையான பேச்சுதானே.

ஆத்தாளைக் கேட்பது எப்படி என்று தெரிந்திருக்கும். கோயில் முன்னால் ஆட்டை நிறுத்தி மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆடு உடம்பைச் சிலிர்த்து உதறினால் ஆத்தா சம்மதித்தாள். சும்மா நின்றால் சம்மதம் இல்லை. அந்த ஆட்டைக் கோயிலுக்கு ஓட்டிப் போனவன் நான். வழியில் நிறுத்தி முதுகுத் தண்டு நெடுகவும் காது மடலிலும் விளக்கெண்ணெயை அழுத்தித் தேய்த்தேன். காதுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்தேன். கறுப்பு ஆடு, யாருக்கும் தெரியவில்லை. மூன்று குடம் ஊற்றினார்கள். தண்ணீர் வழிந்து ஓடியது, ஆடு அசைபோட்டுக்கொண்டு நின்றது. அண்ணன் கும்பிட்டுவிட்டு, "அவ வேண்டாங்கறா, உடு" என்று வீட்டுக்கு வந்துவிட்டார். ஓர் உயிரைக்கூட அன்று வெட்டவில்லை. ஆட்டுக்கு நல்லதுதான் செய்தேன்.

அதன்பிறகு நங்கையா இரண்டு மைல் நடந்து குடிதண்ணீர் கொண்டுவந்தார். ஒரு எருது படுத்துவிட்டது. சித்திரை பிறக்கும் முன்னால் செல்லாயிக்குப் பேதி கண்டது. சேற்றுத் தண்ணீரைக் குடித்ததால் என்றார்கள். அந்த வருஷம் பேதி ஊரெங்கும் இருந்தது, எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்தது என்று சொல்வது நியாயமில்லை. மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள். குழிக்கு நான்தான் தூக்கிப் போனேன். கனமே இல்லை. எனக்கு அழுகை அடங்கவில்லை, ஐயா. திரும்பி வந்து யாரோடும் பேச முடியாமல் கிணற்றறைக்குள் போய் உட்கார்ந்தேன். அங்கேதான் எனக்கு மனது கொஞ்சம் ஆறும்.

எட்டாம் நாள் அண்ணன் பழங்கிணற்று ஓலையைப் பிரித்துக்கொண்டு படியில் இறங்கி வந்தார். ஆத்தா பேச்சுக்கு இனி அவர் கட்டுப்படுவதாக இல்லை. நான் அறைக்குள் மெழுகுவத்தி வைத்துக்கொண்டிருந்தேன். வாசலை மறைத்த கல்லெல்லாம் வெளியே எடுத்து வைத்திருந்தது.

"என்றா சாமி இது?"

"துரையோடதுங்கண்ணா."

"சாராயமா?"

"ஒயினு."

அண்ணன் திட்டில் உட்கார்ந்தார். நாற்பத்தெட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார். பிறகு, "அந்த ஆடு…" என்றார்.

"நாந்தான் எண்ணெ தடவுனனுங்கண்ணா" என்றேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை. கேட்டால் சொல்லிவிடுவேன்.

துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். எழுந்தபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "மூணு நாள் எடுத்துக்க. எங்கயாச்சும் கொண்டுபோயி வெய்யி. நாலாம் நாள் மத்தியானம் வெடிக்காரன் வாரான். உன்ற நங்கையாகிட்ட நான் இதச் சொல்ல மாட்டேன். சொன்னா அவ உன்ன ஒரு மனுசனாப் பாக்க மாட்டா. நாளைக்கு உனக்குச் சோறு போடோணுமில்ல" என்றார்.

மூன்று நாள். எங்கே கொண்டு போவேன்? சித்திரை வெயிலில் வண்டியில் ஏற்றினால் பத்து மைலுக்குள் எல்லாம் வெந்துவிடும். சங்ககிரி ரோட்டில் சாராயத்துக்காக ஒவ்வொரு வண்டியையும் குத்திப் பார்க்கிறார்கள். அஸ்தம்பட்டி பங்களாவில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். இந்த ஜில்லாவில் எனக்கென்று குளிர்ச்சியான இடம் வேறு கிடையாது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்வார்கள். துரையின் உப்பைப் பதின்மூன்று வருஷம் தின்றிருக்கிறேன். அண்ணன் போட்ட உப்பும் உண்டே என்று நீங்கள் கேட்கலாம். அது வீட்டுச் சோறு, ஐயா. அதை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் மெழுகுவத்தியை ஒரு கொட்டாங்கச்சியில் நட்டு, கயிறு கட்டி உள்குழிக்குள் விட்டுப் பார்த்தேன். ஒன்றரை ஆள் ஆழத்தில் சுடர் குறுகி நீலமாகி அணைந்தது. மேலே இழுத்து, ஏற்றி, மறுபடி விட்டேன். அதே இடத்தில் அணைந்தது. எதையும் இரண்டு தடவை பார்ப்பது துரை பழக்கின பழக்கம். வேறு எண்ணம் எதுவும் அப்போது எனக்கு இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

மட்கின குப்பை இருக்கிற குழியில் விஷக்காற்று நிற்கும். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் இது தெரியும். எங்கள் பாட்டனாரின் தம்பி அப்படித்தான் போனார். அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. குழிக்குள் இறங்குகிறவன் விளக்கை விட மாட்டான், அதைப் பார்க்கவும் மாட்டான். பார்த்தால் கால் நடுங்கிப் பிடி தவறும் என்பார்கள். கூடப்பிறந்தவன்தான் விளக்கை விட்டுப் பார்த்து, எரிகிறது என்று வாயால் சொல்ல வேண்டும். இறங்குகிறவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அண்ணன் மேற்கிணற்றில் எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறார். நான் ஊரில் இருந்த காலத்தில் ஒவ்வொரு தடவையும் நான்தான் சொல்லியிருக்கிறேன்.

நாலாம் நாள் காலை. வெடிக்காரர் வருமுன் உள்குழிக் குப்பையை அள்ளிவிடலாம் என்றார் அண்ணன். நங்கையா மேலே கூடைக் கயிற்றோடு நின்றார். அங்கிருந்து திட்டு தெரியும், நாங்கள் தெரிவோம், குழிக்குள் தெரியாது. அண்ணன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அறைப்பக்கம் ஒரு பார்வை பார்த்தார். கல் அடுக்கியபடியே இருந்தது. நான் எதையும் எடுக்கவில்லை என்று புரிந்துகொண்டார். கோபப்படவில்லை. "சரி உடு, வெடி வெக்கறதுக்குள்ள ரெண்டு பேருமாத் தூக்கி மேல வெச்சிரலாம். நானும் ஒரு கை புடிக்கறேன்" என்றார். பிறகு பாறையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, "தம்பி உடையான் படைக்கு அஞ்சான்னு சும்மாவா சொன்னாங்க. வெளக்க உடு சாமி" என்றார்.

விட்டேன். ஒன்றரை ஆள் ஆழத்தில் அணைந்தது.

"எரியுதுங்கண்ணா" என்றேன்.

சுவரில் வெட்டியிருந்த படிக்குழிகளில் கால் வைத்து இறங்கினார். கடப்பாரை விழுகிற சத்தம் கேட்டது. அவர் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஒரு வெற்றிலை மடித்துப் போடுகிற நேரம் நான் அங்கேயே நின்றேன். அணைந்த விளக்கை இழுத்துக் கையில் வைத்திருந்தேன், திரி இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

நங்கையா மேலிருந்து, "ஏனுங்க… ஏனுங்க…" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். பதில் வராமல் போகவே கயிற்றைப் போட்டுவிட்டுப் படியில் ஓடி வந்தார். நேராக உள்குழியில் கால் வைக்கப் போனார். நான் பாய்ந்து கையைப் பிடித்தேன். "எறங்காதீங்க நங்கையா. விசக்காத்து. வெளக்கு நிக்கல" என்றேன்.

அவர் நின்றார். என் கையில் இருந்த விளக்கைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "நீ மறுக்கா வெளக்கே உடலயே சாமி. நிக்கலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

இத்தனை வருஷத்தில் நான் செய்த ஒரே பிசகு அதுதான். ஒரு தடவை விளக்கை விட்டுவிட்டு அப்புறம் அவரைப் பிடித்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அதற்கு நேரம் இல்லை, அவர் கால் வைத்துவிட்டார். ஓர் உயிரைக் காப்பாற்றப் போய்த்தான் மாட்டிக்கொண்டேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் கத்தவில்லை, என்னை அடிக்கவில்லை. திட்டில் உட்கார்ந்து குழிக்குள் பார்த்து, "ஏனுங்க, தம்பி வெளக்கு உட்டானுங்களா" என்று அண்ணனிடமே கேட்டுக்கொண்டிருந்தார். வெடிக்காரர் வருகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். அது இப்போதும் என் காதில் இருக்கிறது. தூங்க முடியவில்லை, ஐயா. அதற்கு ஏதாவது செய்ய முடியுமானால் செய்யுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. சென்னைக்கு அனுப்பின மூன்று புட்டியைப் பற்றிப் பரிசோதகர் எழுதினதை நீங்கள் படித்தீர்கள். மது இல்லை, காடி, ஆகையால் மதுவிலக்கு வழக்கு நிற்காது என்று. ஏட்டையா அப்போதும் சிரித்தார். எனக்கு அது புதுச் சேதி இல்லை.

அண்ணன் கொடுத்த மூன்று நாளில் முதல் நாளே நாற்பத்தெட்டையும் மெழுகுவத்தியில் பார்த்தேன். ஒன்று விடாமல் மட்டம் தோளுக்குக் கீழே இறங்கியிருந்தது. நிறம் புளிக்கரைசல். கொண்டுவந்த அன்றைக்கு வைகாசி வெயிலில் வண்டியிலேயே வெந்திருக்க வேண்டும். இரண்டு வருஷமாக ஒவ்வொரு வாரமும் பார்த்தவன் கண்ணில் இது எப்படிப் படாமல் போகும் என்று கேட்பீர்கள். பட்டது. ஒவ்வொரு வாரமும் பட்டது. மெழுகு மட்டமானது, புகைகிறது, வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அன்று புது மெழுகுவத்தி ஏற்றினேன். அதுவும் அதையேதான் காட்டியது.

அப்போதே மேலே போய், "வெடிக்காரன இன்னிக்கே வரச் சொல்லுங்கண்ணா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. சொல்லத்தான் எழுந்தேன். படியில் பாதி தூரம் ஏறினேன். அப்போது செல்லாயி நினைவு வந்தது. உள்ளே இருப்பது காடி என்றால் அவளை நான் எதற்குக் கொடுத்தேன்? ஆகையால் அது காடியாக இருக்க முடியாது. திரும்பி இறங்கி வந்து, மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்துகொண்டேன். துரை வந்து தன் கையால் திறந்து பார்க்கட்டும். அதுவரைக்கும் யார் சொல்வதையும் நான் எடுத்துக்கொள்வதாக இல்லை.

விளக்கு அணைந்ததைக் கண்ணால் பார்த்தேன். எரிகிறது என்று சொன்னேன். என் அண்ணனைக் கொன்றது நான்தான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

வெயில் இன்னும் சாயவில்லை. அந்த நாற்பத்தைந்தையும் கொஞ்சம் சாய்த்தாவது வைக்கச் சொல்லுங்கள், ஐயா. தக்கை காய்ந்துவிட்டால் உள்ளே காற்று போய்விடும்.